அனீஷ் கபூர்: மும்பையிலிருந்து லண்டன் போன சிற்பி

அனீஷ் கபூர் என்ற பெயரைக் கேட்டதும் பாலிவுட் கபூர் குடும்பத்தில் யாரோ ஒருவர் என்று நினைத்துவிட வேண்டாம். சினிமாவுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. இவர் ஒரு சிற்பி. சிற்பி என்றதும் உளி, சுத்தியல், கருங்கல், சாமி சிலை என்று மனசுக்குள் ஒரு படம் ஓடுமே, அதுவும் இவருக்குப் பொருந்தாது. கலர் பொடி, மெழுகு, கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஸ்டீல், பெரிய பிளாஸ்டிக் துணி, சில சமயம் வெறும் ஓட்டை... இவற்றை வைத்துத்தான் அவர் சிற்பம் செய்கிறார். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிகாகோ போனபோது எடுத்த போட்டோவில், பின்னால் மொச்சைக்கொட்டை வடிவில் பெரிதாகப் பளபளவென்று ஒன்று நிற்கும். பலர் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்தவர் இவர்தான்.

1954-ல் மும்பையில் பிறந்தார். அப்பா பஞ்சாபி இந்து. இந்தியக் கடற்படையில் கடலை அளந்து வரைபடம் போடும் துறையில் இருந்தவர். அம்மா யூதர். பாக்தாத்தில் பிறந்து கைக்குழந்தையாக இந்தியாவுக்கு வந்தவர். அம்மாவின் அப்பா புனேயில் உள்ள யூதர் கோயிலில் வழிபாட்டுப் பாடல்களைப் பாடி நடத்துபவராக இருந்தார். ஆக வீட்டுக்குள்ளேயே இரண்டு மதம், இரண்டு ஊர். இந்தியாவில் யூதர்கள் எப்போதுமே மிகச் சிறிய கூட்டம். அதிலும் பாக்தாத் யூதர்கள் இன்னும் சிறிய கூட்டம். சிறுபான்மைக்குள் சிறுபான்மை. டேராடூனில் இருக்கும் டூன் ஸ்கூலில் படிக்கப் போட்டார்கள். பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிதான், ஆனால் அவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

1971-ல் தம்பியோடு இஸ்ரேலுக்குப் போனார். அங்கே கிபுட்ஸ் என்று சொல்லப்படும் கூட்டுப் பண்ணையில் தங்கினார். பிறகு எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் சேர்ந்தார். (நம் ஊர் அப்பா அம்மாக்களுக்கு மட்டும்தான் இன்ஜினியரிங் மோகம் என்று இல்லை போலிருக்கிறது!) கணக்கு வரவில்லை. ஆறே மாதத்தில் விட்டுவிட்டார். கலைஞன் ஆவது என்று முடிவு செய்தது அங்கேதான். 1973-ல் லண்டன் வந்து முதலில் ஹார்ன்சி கலைக் கல்லூரியிலும் பிறகு செல்சீ கலைப் பள்ளியிலும் படித்தார். அங்கே பால் நேயாகு என்ற ருமேனியக் கலைஞர் இவருக்கு ஆசிரியராக அமைந்தார். ஒரு கலைஞன் எப்படி வாழ வேண்டும் என்பதற்கு அவரையே முன்மாதிரியாகச் சொல்லியிருக்கிறார் கபூர்.

படிப்பு முடிந்தபின் 1979-ல் ஒரு முறை இந்தியா வந்து போனார். இது சாதாரணப் பயணம் இல்லை. எட்டு வருடம் வெளியில் இருந்துவிட்டுப் பார்க்கும்போது, சின்ன வயதில் கண்ணில் பட்டும் மனதில் படாதவை எல்லாம் பட்டன. கோயில் வாசல் கடைகளில் குங்குமமும் மஞ்சளும் நீலமும் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருப்பார்களே, தினமும் அதைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அது வெறும் வியாபாரச் சரக்கு. அவருக்கு அதுவே சிற்பமாகத் தெரிந்தது. லண்டன் திரும்பியதும் செய்ய ஆரம்பித்த வரிசைக்கு '1000 பெயர்கள்' என்று பெயர். சகஸ்ரநாமம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை. தரையில் கூம்பு, அரைக்கோளம், படிக்கட்டு மாதிரி சின்னச் சின்ன உருவங்கள். அவற்றின் மேல் அடர்த்தியான சிவப்பு, மஞ்சள், நீலப் பொடி. பொடி தரையிலும் கொஞ்சம் சிந்தியிருக்கும். அதனால் அந்த உருவம் தரையில் வைக்கப்பட்டது போல இல்லாமல், தரைக்குள்ளிருந்து முளைத்து வெளியே கொஞ்சம் மட்டும் தலை நீட்டியது போல இருக்கும்.

அவர் பின்னால் செய்த பிரம்மாண்டங்களை விட இந்தப் பொடிச் சிற்பங்கள்தான் உயர்ந்தவை என்று சொன்னால் தப்பில்லை. செலவு குறைவு. கையால் தொட்டால் கலைந்துவிடும். ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது.

இங்கே ஒரு சிக்கலும் தொடங்கியது. 80-களின் லண்டன் விமர்சகர்களுக்கு இந்தப் பொடியைப் பார்த்ததும் சொல்ல வசதியாக ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது. "இந்தியக் கலை." கிழக்கு, ஆன்மிகம், மர்மம் என்று அடுக்கினார்கள். கபூர் அதை அப்போதே மறுத்தார், இன்று வரை மறுக்கிறார். தான் ஒரு கலைஞன், இந்தியாவில் பிறந்தது உண்மை, ஆனால் 'இந்தியக் கலைஞன்' என்ற பெட்டிக்குள் போட்டுப் பூட்ட வேண்டாம் என்பது அவர் வாதம். இதைக் கேட்கும் நம்மவர்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும். பிறந்த மண்ணை மறந்துவிட்டார் என்று சொல்வோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். டோனி கிராக், ரிச்சர்ட் டீக்கன் என்று அவர் காலத்து வெள்ளைக்காரச் சிற்பிகள் என்ன செய்தாலும் அது 'சிற்பம்' என்றுதான் எழுதப்பட்டது. இவர் செய்தால் மட்டும் முன்னால் ஊர் பெயர் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டு பாராட்டு மாதிரி தெரிந்தாலும், வாசலிலேயே உட்கார வைக்கும் வேலையையும் அது செய்யும்.

அதற்கு அவர் பதில் சொன்னது வேலையில்தான். 80-களின் பிற்பகுதியில் பொடி மேலே இருந்து உள்ளே போக ஆரம்பித்தது. கல்லைக் குடைந்து அதன் உட்பக்கத்தில் கருநீலப் பொடியைப் பூசினார். வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வராது. ஓட்டை எவ்வளவு ஆழம் என்று கண்ணுக்குத் தெரியாது. சில சமயம் அது ஓட்டையா, மேலே ஒட்டிய கறுப்பு வட்டமா என்றே தெரியாது. 1990-ல் வெனிஸ் பியனாலேயில் பிரிட்டன் சார்பாக இவரைத்தான் அனுப்பினார்கள். கரடுமுரடான பெரிய மணற்கல் பாறைகளை அறை முழுக்க நிறுத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கறுப்பு ஓட்டை வைத்தார். 'வெற்று வெளி' என்று தமிழில் சொல்லலாம். இளம் கலைஞருக்கான பரிசு கிடைத்தது. அடுத்த வருடமே, 1991-ல், பிரிட்டனின் டர்னர் பரிசு. தொகை 20,000 பவுண்ட். மும்பையில் பிறந்த ஒருவர் பிரிட்டனின் பெயரில் வெனிஸ் போய் ஜெயித்தது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை.

ஓட்டை பற்றி ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். 1992-ல் அவர் செய்த ஒரு படைப்பு, ஒரு சதுரக் கட்டடம், அதன் தரை நடுவில் வட்டமாக ஒரு குழி. குழி இரண்டரை மீட்டர் ஆழம். உள்ளே பூசிய கருநிறத்தால் பார்ப்பவருக்குத் தரையில் கறுப்புக் கம்பளம் விரித்தது போலத் தெரியும். 2018 ஆகஸ்டில் போர்ச்சுகலின் போர்ட்டோ நகர அருங்காட்சியகத்தில் இதை வைத்திருந்தபோது, பார்க்க வந்த இத்தாலியர் ஒருவர் நிஜமாகவே உள்ளே விழுந்துவிட்டார். எச்சரிக்கைப் பலகை எல்லாம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், நல்லவேளை பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒரு சிற்பம் கண்ணை எவ்வளவு தூரம் ஏமாற்ற முடியும் என்பதற்கு அந்த மனிதரை விடப் பெரிய சாட்சி வேண்டுமா?

2002-க்குப் பிறகு அளவு பெருக ஆரம்பித்தது. லண்டன் டேட் மாடர்ன் ஒரு காலத்தில் மின் நிலையமாக இருந்த கட்டடம். அதன் டர்பைன் கூடத்தில் 'மார்சியாஸ்' என்ற சிற்பத்தை நிறுத்தினார். மூன்று பெரிய இரும்பு வளையங்கள், அவற்றுக்கு இடையே இழுத்துக் கட்டிய ரத்தச் சிவப்பு நிற பிவிசி துணி. நீளம் சுமார் 150 மீட்டர். கிரேக்கக் கதையில் அப்பல்லோ என்ற தெய்வத்தோடு இசைப் போட்டியில் தோற்று, உயிரோடு தோல் உரிக்கப்பட்டவன் மார்சியாஸ். அந்தத் துணி உரிக்கப்பட்ட தோல் போலவே விறைத்து நிற்கும். எங்கே நின்று பார்த்தாலும் முழுசாகத் தெரியாது. இந்தத் துணி கிழியாமல் நிற்கக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் செசில் பால்மண்ட் என்ற பொறியாளர். அவர் கொழும்பில் பிறந்தவர் என்பது நம் பக்கத்து வாசகர்களுக்குக் கூடுதல் செய்தி. இதைப் பார்த்துவிட்டு எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட் ஒரு இசைத் தொகுப்பே எழுதினார். 2003-ல் அந்தச் சிற்பத்தின் கீழேயே அது முதன்முதலாக வாசிக்கப்பட்டது.

இனி சிகாகோ. காமர்ஸ் படிப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய கதை இது. மில்லேனியம் பூங்காவுக்கு ஒரு சிற்பம் வேண்டும் என்று போட்டி வைத்தார்கள். கடைசிச் சுற்றில் ஜெஃப் கூன்ஸையும் தாண்டி கபூர் தேர்வானார். யோசனை இதுதான்: ஒரு பாதரசத் துளி தரையில் விழுந்து கிடப்பது போல, ஒட்டு எதுவும் தெரியாத ஒரு கண்ணாடி உருண்டை. பெயர் 'கிளவுட் கேட்'. நீளம் 20 மீட்டர், உயரம் 10 மீட்டர். 168 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள், ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர் கனம். எடை சுமார் 100 டன். நம் வீட்டு எவர்சில்வர் சொம்பைப் பெரிதாக்கிக் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்கும், ஏறக்குறைய அப்படித்தான்.

கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் தகடுகளைத் தயார் செய்தார்கள். முழுசாகச் செய்து கப்பலில் ஏற்றி பனாமா கால்வாய் வழியாகக் கொண்டு வருவது முதல் திட்டம். ரிஸ்க் அதிகம் என்று கைவிட்டு, துண்டு துண்டாக லாரியில் கொண்டு வந்து அங்கேயே பற்றவைத்தார்கள். சிற்பத்துக்கு அடியில் ஒரு உணவகம் இருக்கிறது, எனவே எடையைத் தாங்க அதன் கூரைக்கும் பலம் கொடுக்க வேண்டியிருந்தது. கோடையில் ஸ்டீல் விரியும், சிகாகோ குளிரில் சுருங்கும். அதனால் உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டோடு தகடுகளை விறைப்பாக இறுக்கவில்லை, அசைய இடம் விட்டார்கள். 2004 ஜூலையில் பூங்கா திறக்கும்போது வேலை முடியவில்லை. ஒட்டுக் கோடுகள் தெரிய அப்படியே காட்டினார்கள். பிறகு கூடாரம் போட்டு மூடி, மாதக் கணக்கில் தேய்த்து மெருகேற்றி, 2006 மே மாதம்தான் முறையாக அர்ப்பணித்தார்கள்.

முதலில் போட்ட பட்ஜெட் 60 லட்சம் டாலர். முடிந்தபோது 2 கோடியே 30 லட்சம் டாலர். கிட்டத்தட்ட நான்கு மடங்கு! எந்த காஸ்ட் அக்கவுன்டிங் வாத்தியாரும் பாஸ் போட மாட்டார். ஆனால் பணம் முழுக்கத் தனியார் நன்கொடை, வரிப் பணம் இல்லை. இன்றைக்கு சிகாகோ என்றாலே அந்த உருண்டைதான் நினைவுக்கு வருகிறது. அந்த 'சொத்து' எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் முழுசாக ஏறாது. ஊர் மக்கள் அதற்கு 'பீன்' என்று பெயர் வைத்தார்கள். கபூருக்கு அந்தப் பெயர் ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை. ஆனால் மக்கள் வைத்த பெயரை யாரால் மாற்ற முடியும்? அதன் கீழ்ப்பகுதியைத் தினமும் இரண்டு தடவை கையால் துடைக்கிறார்கள். லட்சக்கணக்கான விரல் ரேகைகள் பதியுமே! வருடத்துக்கு இரண்டு தடவை முழுசாக 'டைட்' சோப்புத் திரவம் போட்டுக் குளிப்பாட்டு.

எல்லோரும் தொட்டுப் பார்க்கும் இந்தப் பொருள் உண்மையில் யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வி பல தடவை வந்தது. 2005-லேயே தொழில்முறை புகைப்படக்காரர்களைக் காவலர்கள் நிறுத்தி அனுமதிச் சீட்டு கேட்டு, ஊரே சிரித்தது. சிற்பம் பூங்காவில் இருந்தாலும் அதன் பதிப்புரிமை கலைஞரிடம்தான். 2015-ல் சீனாவின் கரமாய் நகரில் அச்சு அசலாக இன்னொரு உருண்டை முளைத்தது. எண்ணெய்க் குமிழி என்று விளக்கம் சொன்னார்கள். கபூர் வழக்குப் போடுவேன் என்று கொதித்தார். 2017-ல் அமெரிக்கத் துப்பாக்கி உரிமையாளர் சங்கமான என்.ஆர்.ஏ. ஒரு விளம்பரப் படத்தில் சிற்பத்தைக் காட்டியது. 2018-ல் வழக்குப் போட்டார், அதே வருடக் கடைசியில் அந்தக் காட்சியை அவர்கள் நீக்கினார்கள். துப்பாக்கிக்கு ஆதரவான படத்தில் தன் வேலை இருக்கக் கூடாது என்று அவர் போராடியதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இதே மனிதர்தான் வான்டாபிளாக் விஷயத்தில் மாட்டிக்கொண்டார். சர்ரே நானோசிஸ்டம்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 2014-ல் அறிவித்த கறுப்புப் பூச்சு அது. நுண்ணிய கார்பன் குழாய்கள் காடு போல நிற்கும், மேலே விழும் வெளிச்சத்தில் 99.965 சதவீதத்தை விழுங்கிவிடும். விண்வெளிக் கருவிகளுக்கு உதவும். 30 வருடமாக ஓட்டைக்குள் இருட்டைத் தேடியவருக்கு இது பொக்கிஷம் இல்லையா? கலைக்காக அதைப் பயன்படுத்தும் உரிமையைக் கம்பெனி 2016-ல் அவருக்கு மட்டும் கொடுத்தது. உலகம் முழுக்க ஓவியர்கள் பொங்கினார்கள். ஒரு நிறத்தை ஒருவர் எப்படி சொந்தமாக்கலாம்? (சட்டப்படி அது நிறம் இல்லை, ஒரு பொருள். ஒப்பந்தம் செல்லும். ஆனால் கோபத்தில் இருப்பவர்களிடம் ஒப்பந்தச் சட்டம் பேசிப் பயன் இல்லை.) ஸ்டூவர்ட் செம்பிள் என்ற ஆங்கிலேயக் கலைஞர் பளீர் இளஞ்சிவப்புப் பொடி ஒன்றைத் தயாரித்து விற்பனைக்கு வைத்தார். உலகில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அனீஷ் கபூர் மட்டும் வாங்கக் கூடாது என்று நிபந்தனை! கபூர் எப்படியோ அதை வாங்கி, நடுவிரலில் தோய்த்து, படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். 62 வயதில் இது தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. கோயில் கடைத் தெருவில் யாருக்கும் சொந்தமில்லாத பொடியைப் பார்த்து ஆரம்பித்தவர், கடைசியில் ஒரு கறுப்புக்கு வேலி போட்டது உறுத்தத்தான் செய்கிறது. அந்தப் பூச்சில் செய்தவற்றை 2022-ல் வெனிஸ் அகாதமியா காட்சிக்கூடத்தில் முதன்முதலாகப் பெரிய அளவில் வைத்தார்.

2012 லண்டன் ஒலிம்பிக்குக்காக எழுப்பிய 'ஆர்பிட்' கோபுரத்தைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். 114.5 மீட்டர், சிவப்பு இரும்பு முறுக்கு. மேயர் போரிஸ் ஜான்சன் 2009-ல் டாவோஸில் கோட் மாட்டும் இடத்தில் லக்ஷ்மி மிட்டலைப் பிடித்து சில நிமிடங்களில் பேசி முடித்த திட்டம். இதிலும் செசில் பால்மண்ட் கூட இருந்தார். கூட்டம் எதிர்பார்த்த அளவு வரவில்லை. 2014-15 கணக்கு வருடத்தில் மட்டும் 5 லட்சத்து 20 ஆயிரம் பவுண்ட் நஷ்டம். 2016-ல் சறுக்கு மரம் வைத்தார்கள். சறுக்கு மரம் வைத்தால்தான் கூட்டம் வரும் என்றால் அது சிற்பமா, பொருட்காட்சியா?

அதை விட 2007-ல் தொடங்கிய 'ஸ்வயம்பு' ஆயிரம் மடங்கு மேல். தண்டவாளத்தில் மிக மெதுவாக நகரும் ஒரு பெரிய சிவப்பு மெழுகுக் கட்டி. மண்டபத்தின் வாசல்களை விட அது கொஞ்சம் பெரியது. ஒவ்வொரு வாசலிலும் உரசி, மெழுகைத் தூணில் ஈஷிவிட்டு, வாசலின் வடிவத்தையே தான் எடுத்துக்கொண்டு வெளியே வரும். சுயம்பு லிங்கம் என்றால் யாரும் செதுக்காமல் தானே தோன்றியது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்த அர்த்தத்தில்தான் பெயர். 'இந்தியக் கலைஞன் இல்லை' என்று சொல்பவர் வைத்த பெயர்! 2009-ல் லண்டன் ராயல் அகாதமியின் முக்கியக் கூடங்கள் முழுவதையும் இவருக்குக் கொடுத்தபோது இதுவும் ஓடியது. உயிரோடு இருக்கும் ஒரு பிரிட்டிஷ் கலைஞருக்கு அப்படிக் கொடுத்தது அதுவே முதல் தடவை. சுமார் 2 லட்சத்து 75 ஆயிரம் பேர் பார்த்தார்கள்.

இத்தனைக்கும் பிறந்த நாட்டில் அவருக்கு ஒரு பெரிய கண்காட்சி நடக்க 2010 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டெல்லியில் தேசிய நவீனக் கலைக்கூடத்திலும், மும்பையில் பாந்த்ராவின் மெஹபூப் ஸ்டூடியோவிலும் வைத்தார்கள். அந்த ஸ்டூடியோ 1954-ல் கட்டப்பட்டது, இவர் பிறந்த அதே வருடம். சினிமா செட் போடும் கூடத்தில் ஒரு பீரங்கி சுவர் மூலையைப் பார்த்து சிவப்பு மெழுகுக் குண்டுகளைச் சுட்டது. பார்த்தவர்களில் பலருக்கு அப்போதுதான் இவர் பெயரே தெரிந்தது. 2012-ல் பத்ம பூஷண் கொடுத்தார்கள். 2013-ல் பிரிட்டன் 'சர்' பட்டம் கொடுத்தது. 2014 கொச்சி பியனாலேயில் கடலோரக் கட்டடம் ஒன்றில் தரையைத் தோண்டி, கறுப்புத் தண்ணீர் ஓயாமல் சுழன்று உள்ளே இறங்கும் ஒரு சுழலை வைத்தார். மறு வருடமே இந்திய அரசியலைக் கடுமையாக விமர்சித்து கார்டியன் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். பாராட்டியவர்களில் பாதிப் பேர் திட்ட ஆரம்பித்தார்கள்.

அதே 2015-ல் பிரான்சில் நடந்தது இன்னும் மோசம். வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் 60 மீட்டர் நீளத்தில் துருப்பிடித்த இரும்புக் குழல் ஒன்றை, வாயைத் திறந்து படுத்திருப்பது போல வைத்திருந்தார். ராஜா தோட்டத்தில் இந்த அசிங்கமா என்று ஒரு கூட்டம் கொதித்தது. முதலில் ஜூனில் பெயின்ட் அடித்தார்கள். செப்டம்பரில் யூதர்களைக் கேவலப்படுத்தும் வாசகங்களை வெள்ளை எழுத்தில் எழுதிவிட்டார்கள். பாக்தாத் யூதப் பெண்ணின் மகனுக்கு அதன் அர்த்தம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கபூர் அழிக்க மறுத்தார். வெறுப்பு எழுதியதை ஊர் பார்க்கட்டும், இனி இதுவும் சிற்பத்தின் பகுதிதான் என்றார். உள்ளூர் அரசியல்வாதி ஒருவர் புகார் கொடுக்க, கோர்ட் அந்த வாசகங்கள் பொதுமக்கள் கண்ணில் படக் கூடாது என்று உத்தரவு போட்டது. எழுதியவனைப் பிடிப்பதை விட எழுத்தை மறைப்பதில் அவசரம். கடைசியில் அந்த வாசகங்களின் மேல் தங்க ரேக் ஒட்டி மூடினார்கள். துருப்பிடித்த இரும்பில் எங்கெங்கே தங்கம் மின்னியதோ, அங்கெல்லாம் கீழே வசை இருந்தது.

அந்த செப்டம்பரிலேயே சீனக் கலைஞர் ஐ வெய்வெய்யோடு லண்டனில் அகதிகளுக்காகக் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு பல மைல் நடந்தார். (2011-ல் பாரிஸில் வைத்த 'லெவியாதன்' என்ற பெரிய பலூன் சிற்பத்தை, அப்போது சீன அரசின் காவலில் இருந்த அவருக்குத்தான் அர்ப்பணித்திருந்தார்.) 2017-ல் யூதர்களின் ஜெனிசிஸ் பரிசு, 10 லட்சம் டாலர், இவருக்குக் கிடைத்தபோது அதை சிரியா அகதிகளுக்கு உதவ என்று சொல்லிவிட்டார்.

இப்போதும் அவர் சும்மா இல்லை. 2023-ல் நியூயார்க்கில் ஒரு வானளாவிய குடியிருப்பின் அடியில், கட்டடம் உட்கார்ந்து நசுக்கியது போல ஒரு குட்டி பீன் வைத்து முடித்தார்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மெட்ரோ ஸ்டேஷன் ஒன்றுக்கு 2003-லேயே வாசல் செய்யச் சொல்லியிருந்தார்கள். அதன் திறப்பு விழா 2025 செப்டம்பரில்தான் நடந்தது. 20 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு வாசல் துருப்பிடித்த இரும்பில், பூமி வீங்கி வாய் பிளந்தது போல இருக்கிறது. ஆபீஸ் போகிறவர்களும் காலேஜ் பிள்ளைகளும் அதற்குள் எஸ்கலேட்டரில் இறங்கி ரயில் பிடிக்கிறார்கள்.